அந்தக் கரிமுகத்தைத் துடைக்காதீர்கள்

நான் என்ன பேசிவிடுவேனோ என்ற கவலையைப் புன்னகைக்குள் மறைத்து, நடுநாயகமாக வீற்றிருக்கும் தலைவர் அவர்களே! அவருக்கு இருபுறமும் அணிசெய்து அமர்ந்திருக்கும் நூலகக் குழுப் பெரியோர்களே! வேலை முடிந்து வீட்டுக்குப் போகாமல் வியர்வை காயாமல் வந்து அமர்ந்திருக்கும் உழைப்பாளித் தோழர்களே! அடுப்பை அணைத்தோமா இல்லையா என்ற யோசனையோடு எனக்குச் செவி கொடுக்கும் தாய்மார்களே! நாற்காலி கிடைக்காமல் சன்னலைப் பிடித்து நிற்கும் இளைஞர்களே! முதல் வரிசையில், மடியில் ஒரு பையை வைத்து, அதை இரண்டு கைகளாலும் இறுகப் பிடித்திருக்கும் ஓவியர் அம்மா அவர்களே! இரண்டாம் வரிசையில் உட்கார்ந்து, 'சட்டுன்னு முடிங்க' என்று இப்போதே கை காட்டும் என் மனைவியே! அனைவருக்கும் என் வணக்கம்.

என்னை உங்களுக்குத் தெரியும். பெயரைச் சொன்னால் தெரியாது. பம்பரம் என்றால் தெரியும். அடுக்குமாடிக் குடியிருப்பின் படிக்கட்டுக்குக் கீழே மேசை போட்டு இஸ்திரி போடுகிறவன். இந்த அரங்கில் நிமிர்ந்து நிற்கும் காலர்களில் பாதி என் கை பட்டவை. சிரிக்காதீர்கள், மீதிப் பாதியைத்தான் நான் வந்ததிலிருந்து வருத்தத்தோடு பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

ஏன் பம்பரம் என்று பெயர் வந்தது? உட்கார்ந்தால் என் கால் ஆடும். நின்றால் தோள் ஆடும். பேசினால் தலை ஆடும். ஓர் இடத்தில் ஒரு நிமிடம் நிற்கச் சொன்னால் எனக்கு உடம்பெல்லாம் எறும்பு ஊரும். தூங்கினால் மட்டும் நான் கட்டை. இடி விழுந்தாலும் இமை அசையாது. இதைக் கொஞ்சம் நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

மைக் செட்காரர் கையை ஆட்டுகிறார், 'மைக்கை விட்டு நகராதீங்க' என்று. ஐயா, முயன்று பார்க்கிறேன். உறுதி சொல்ல முடியாது.

இந்த அரங்கின் சுவரில் இருக்கும் படங்கள் அனைத்தையும் பார்த்தீர்களா? நான் வந்தவுடன் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். படங்களை மட்டுமல்ல, மூலையில் இருக்கும் பெயர்களையும் ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டிப் படித்தேன். இதே கட்டடத்தில் மாலை வகுப்பில் கற்ற எழுத்து. கிடைத்த இடத்திலெல்லாம் மேயத்தான் செய்யும்! மலை வரைந்தவர் பெயர் இருக்கிறது. மீன்கூடை வரைந்தவர் பெயர் இருக்கிறது. கடைசியாக, பெரிய தாளில், கருங்கரியில், கண் கலங்க, காது மூன்றாக, கழுத்து இரண்டாக, ஒரு கிழவனின் முகம் இருக்கிறது. அதன் மூலையில் பெயர் இல்லை.

அந்தக் கிழவன் நான். பெயர் போடாதவர் இதோ, முதல் வரிசையில்.

ஏன் பெயர் இல்லை? சற்று முன்பு இதே மேடையில், இதே மைக்கைப் பிடித்து, அம்மா உங்களிடம் சொன்னதைக் கேட்டீர்கள். மைக் அவர் கையில் நடுங்கியதையும் பார்த்தீர்கள். என்ன சொன்னார்? "என் கை நடுங்குது. அது நிக்காதுன்னு டாக்டர் சொல்லிட்டார். இது படம் இல்ல, விபத்து. தலைவர் கேட்டுக்கிட்டதால ஒரு சாயங்காலம் மாட்ட விட்டேன். நிகழ்ச்சி முடிஞ்சதும் துடைச்சிடுவேன். இனிமே கரியைத் தொட மாட்டேன்." சொல்லிவிட்டு இறங்கிவிட்டார். நீங்கள் கை தட்டுவதா வேண்டாமா என்று தெரியாமல் விழித்தீர்கள். நான் என் பேச்சுத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துவிட்டேன். அதில் எழுதி வந்தது வாழ்த்து. இப்போது பேசப்போவது வழக்கு!

அந்தப் பைக்குள் என்ன இருக்கிறது தெரியுமா? ஒரு துணி, ஒரு டப்பா. கரியில் வரைந்த படம் அப்படியே நிற்காது. கை பட்டால் கலையும், துணி பட்டால் மறையும். மருந்து அடித்தால்தான் நிற்கும். அழுத்தினால் சாரலாகத் தெளிக்கும் அந்த மருந்துதான் டப்பாவில் இருக்கிறது. அம்மாவிடம் ஒரு வழக்கம் உண்டு: படம் பிடித்தால் மருந்து அடிப்பார், அடித்த பிறகே மூலையில் பெயர் போடுவார். பிடிக்காவிட்டால் துணி. இன்றைக்கு அந்தப் பையிலிருந்து எது வெளியே வரப்போகிறது? துணியா? டப்பாவா? இந்த ஒரு கேள்விக்காகத்தான், அன்பர்களே, நான் மேடையில் இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் நடந்துகொண்டிருக்கிறேன்.

அம்மாவின் கை எப்படிப்பட்ட கை? அதை முதலில் சொல்ல வேண்டும். இந்த ஊரில் யார் வீட்டில் ஒருவர் கண்ணை மூடினாலும், ஒரு பழைய புகைப்படத்தை எடுத்துக்கொண்டு அம்மாவின் வீட்டுக்குத்தான் படியேறுவார்கள். அவர் பென்சிலில் வரைந்து கொடுப்பார். இமை முடியை எண்ணலாம். சட்டைப் பொத்தானில் நூலைப் பார்க்கலாம். என் அண்ணன் படமும் அவர் வரைந்ததுதான். என் வீட்டுச் சுவரில் இருக்கிறது. அழகான படம். ஆனால் என் மனைவி அதைப் பார்க்கும்போதெல்லாம் ஒன்று சொல்வாள்: "உங்க அண்ணன் ஒருநாளாவது இவ்வளவு சாதுவா இருந்திருக்காரா?" இருந்ததில்லை! அவர் வாய் திறந்தால் தெருவே திரும்பும். படத்தில் வாய் மூடி, வகிடு எடுத்து, வாழ்நாளில் இல்லாத அமைதியோடு இருக்கிறார். தப்பு அம்மாவுடையது அல்ல. இறந்தவர்கள் எல்லோரும் அசையாமல் உட்காருகிறார்கள். அது அவர்களுக்கு உள்ள வசதி.

பிறகு ஒரு காலம் வந்தது. புகைப்படத்தோடு படியேறியவர்கள் எல்லோரும் புகைப்படத்தோடே இறங்கினார்கள். கேட்டால், "கண்ணு சரியில்லையாம்" என்றார்கள். மேலே அம்மாவின் கதவு மூடியே கிடந்தது. ஆனால் உள்ளே நடக்கும் சத்தம் கேட்கும். என் மேசைக்கு நேர் மேலேதான் அந்த அறை. சன்னல் வரை போகும், சுவர் வரை வரும். மறுபடி சன்னல், மறுபடி சுவர். நானும் கீழே மேசையைச் சுற்றிச் சுற்றி வருவேன். என் மனைவி கேட்டாள்: "மேலயும் ஒரு பம்பரம் சுத்துது போல?"

ஒருநாள் காலை அந்தக் காலடி படியிறங்கி வந்தது.

"அண்ணே, கரி இருக்கா?"

"எவ்வளவும்மா வேணும்?"

"கையில அடங்குற மாதிரி நாலஞ்சு துண்டு போதும்."

"என்னம்மா, வீட்டுக்கே இஸ்திரிப் பெட்டி வாங்கிட்டீங்களா? என் பொழப்புல மண்ணைப் போடலாம்னு பாக்குறீங்களா?"

"வரையத்தாண்ணே."

கடையில் கரிக்குச்சி விற்கிறது. எனக்குத் தெரியாதா? மெல்லிய குச்சி, அழுத்திப் பிடித்தால் முறியும். அம்மா கேட்டது முறியாத கரி. ஏன் என்று நான் கேட்கவில்லை. கரிக்கூடையைக் கவிழ்த்தேன். ஒவ்வொரு துண்டாக எடுத்து, பழைய செய்தித்தாளில் இழுத்துப் பார்த்தார். பாதி வெந்ததை ஒதுக்கினார். முழுக்க வெந்ததை எடுத்துக்கொண்டார். பிறகு என்னையே பார்த்தார்.

"அண்ணே, அந்த நாற்காலியில கொஞ்சம் உக்காருங்களேன். உங்களைத்தான் வரையணும்."

என்னையா? இந்த ஊரில் எத்தனை அழகான, அமைதியான, அசையாத முகங்கள் இருக்கின்றன! நாற்காலியில் உட்கார்ந்தால் நாற்காலியே நடக்கும்படி ஆடுகிற என்னையா? என் மனைவி பெட்டியை மேசையில் வைத்துவிட்டுச் சிரித்தாள், சிரித்தாள், அப்படிச் சிரித்தாள். "அம்மா, ஓடுற பஸ்ஸை வேணும்னா வரைஞ்சிடலாம். இவரை வரைய முடியாது!"

ஆனாலும் அம்மா ஒரு நாற்காலியை எடுத்துப்போட்டு எதிரே அமர்ந்தார். தினமும் துணி குறைந்த வேளையில் இறங்கி வருவார். கரியைக் குச்சி போல விரல் நுனியில் பிடிக்கவில்லை. உள்ளங்கையில் வைத்து, முட்டியை மடக்கி, தோளிலிருந்து இழுத்தார். தாள் கரகரவென்று கத்தும். நடுநடுவே என்னை அதட்டுவார். "ஆடாதீங்க அண்ணே! பாருங்க, கோடு எங்கயோ போயிடுச்சு." அடுத்த நாளும் அதேதான். "அண்ணே, காதை ஒரு இடத்துல வைங்கண்ணே!"

எனக்கு வருத்தம் தாங்கவில்லை. இவ்வளவு பெரிய ஓவியர், என் கால் ஆட்டத்தால் கோணல்கோடு போடுகிறாரே! நான் கால்களை நாற்காலிக் காலோடு பின்னிக்கொண்டேன். கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன். மூச்சைக்கூடப் பாதிதான் விட்டேன். சும்மா இருப்பது எவ்வளவு பெரிய வேலை என்று அப்போதுதான் தெரிந்தது. மூட்டை மூட்டையாகத் துணி தேய்த்தாலும் அந்தக் களைப்பு வராது. அந்தக் களைப்பில் ஒருநாள் நாற்காலியிலேயே தூங்கிப்போனேன்.

நான் தூங்கினால் எப்படி? சொல்லுங்கள் பார்ப்போம்... ஆம், கட்டை! நினைவில் வைத்திருக்கிறீர்கள், மகிழ்ச்சி.

விழிப்பு வந்தது. உடம்பு இன்னும் அசையவில்லை. கண் மட்டும் கீற்றாகத் திறந்தது. எதிரே அம்மா வரைந்துகொண்டிருக்கிறார். கரி பிடித்த கை காற்றில் இலை போல நடுங்குகிறது. இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்து அழுத்துகிறார். இரண்டும் சேர்ந்து நடுங்குகின்றன. மெல்லிய குரலில், தன் கையைப் பார்த்துக் கெஞ்சிக்கொண்டிருக்கிறார்: "ஆடாத... ஒரே ஒரு கோடு... கொஞ்சம் ஆடாதயேன்..."

அவையோரே! ஆடியது நான் அல்ல. மூடிய கதவுக்குக் காரணம் கண் அல்ல. இத்தனை நாளும் அந்த அதட்டல் எனக்கு வந்ததல்ல.

நான் என்ன செய்திருக்க வேண்டும்? 'அம்மா, தெரிந்துகொண்டேன்' என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் என்ன ஆகும்? கரியை என் மேசையில் வைத்துவிட்டுப் படியேறிவிடுவார். மறுபடி சன்னல், சுவர், சன்னல், சுவர். அதனால் கண்ணை மூடிக்கொண்டேன். கொஞ்ச நேரம் கழித்துப் பெரிதாகக் கொட்டாவி விட்டு எழுந்தேன். எழுந்ததும் என்ன செய்தேன் தெரியுமா? ஆடினேன்! காலை ஆட்டினேன், தலையை ஆட்டினேன், தோளைக் குலுக்கினேன். அன்றிலிருந்து அம்மா தாளைத் தொட்டால் போதும், எனக்கு முதுகு அரிக்கும், மூக்கு அரிக்கும், தெருவில் போகிற நாய் தெரிந்தவர் வீட்டு நாயாகிவிடும். "ஆடாதீங்க அண்ணே!" என்று அம்மா அதட்ட அதட்ட எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. அதட்டிக்கொண்டிருக்கும் வரை வரைந்துகொண்டிருப்பார் அல்லவா?

இருங்கள், இருங்கள். அம்மா எழுந்து நிற்கிறார்.

"அப்போ வேணும்னுதான் ஆடினீங்களா அண்ணே?"

வேண்டுமென்றேதான் அம்மா. பாதி ஆட்டம் வேண்டுமென்று, பாதி பிறவியிலேயே வந்தது. எது எந்தப் பாதி என்று எனக்கே தெரியாது. உட்காருங்கள் அம்மா, வழக்கு இன்னும் முடியவில்லை. பையைக் கீழே வைத்துவிட்டாவது கேளுங்கள்.

அதற்குப் பிறகு நடந்தது என் மனைவியின் திருவிளையாடல். தலையைக் குனிந்து பயனில்லை, ஊருக்கே தெரியட்டும். ஒருநாள் படம் சுவரில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. "இதுக்கு மருந்து அடிச்சாத்தான் அண்ணி நிக்கும்" என்று இவளிடம் சொல்லிவிட்டு அம்மா மாடிக்குப் போனார். போனவர் வரவில்லை. அடிக்கலாமா துடைக்கலாமா என்று மேலே நடந்துகொண்டிருந்திருக்கிறார். இவள் பார்த்தாள். பாவம், மறந்துவிட்டார், நாமே உதவுவோம் என்று நினைத்தாள். எங்கள் தொழிலில் துணிக்குத் தண்ணீர் எப்படித் தெளிப்போம்? பார்த்திருப்பீர்கள். ஒரு வாய் தண்ணீர், கன்னத்தை உப்பி, உதட்டைக் குவித்து, 'பூ...' என்று ஒரு தெளிப்பு! சாரல் போல இறங்கும். அதே கலைத்திறனோடு என் முகத்தின் மேல் தெளித்தாள்.

நெற்றியில் பொட்டுப் பொட்டாக வெள்ளை. கன்னத்தில் கரி கரைந்து கோடு கோடாக வழிகிறது. நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். இவள் கேட்கிறாள்: "பெட்டியை வெச்சு ஒரு தேய்ப்பு தேய்ச்சா காஞ்சிடுமா?"

அம்மா இறங்கி வந்தார். பார்த்தார். முடிந்தது கதை என்று நினைத்தேன். அப்போது மூக்கில் தொடங்கி, தோளுக்கு இறங்கி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து சிரித்தார் பாருங்கள்! எத்தனை மாதமாக அந்தப் படிக்கட்டு கேட்காத சிரிப்பு! "அண்ணி, வாயாலயா மருந்து அடிக்கிறது?" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டே கரியை எடுத்தார். வழிந்த கோட்டின் பின்னாலேயே போனார். கைதான் நடுங்கிற்று, கோடு பயப்படவில்லை. இன்று படத்தில் என் கன்னத்தில் நீங்கள் பார்க்கும் அந்த வழிசல் வியர்வையா, மழையா, கண்ணீரா என்று முன்னால் நின்றவர்கள் வாதாடிக்கொண்டிருந்தீர்களே, அது என் மனைவியின் எச்சில்! ஐயோ, செருப்பைத் தேடுகிறாள்...

ஆனால் இதைக் கேளுங்கள். மறுநாள் நான் துணி மூட்டையோடு வருகிறேன். இவள் படிக்கட்டுக்கடியில் பெருக்கிக்கொண்டிருக்கிறாள். படத்துக்கு நேராக நிமிர்ந்து, இடுப்பில் கை வைத்து அதட்டுகிறாள்: "ஏங்க, கொஞ்ச நேரம் சும்மா இருங்களேன், பாக்கவே தலை சுத்துது!"

யாரை? படத்தை! நான் பின்னால் நிற்கிறேன். திரும்பிப் பார்த்து அவளே திடுக்கிட்டாள். என் அண்ணன் படத்தை யாராவது ஒருநாள் அதட்டியதுண்டா? அது புகைப்படத்தைப் பார்த்து வரைந்தது. இது என்னைப் பார்த்து வரைந்தது. என் மூன்று காதும் என் காதுதான். ஒன்று தெருவைக் கேட்கும், ஒன்று வாடிக்கையாளரைக் கேட்கும், ஒன்று இவள் என்ன சொல்கிறாள் என்று பயந்து கேட்கும். அம்மா இதை விபத்து என்கிறார். என்னோடு இத்தனை ஆண்டு குடும்பம் நடத்தியவளே ஏமாந்துபோனாள் என்றால், அது விபத்தா? சொல்லுங்கள், அது விபத்தா?

மறுபடி சொல்லுங்கள், அம்மாவுக்குக் கேட்கட்டும்!

ஓவியர் அம்மா அவர்களே! நீங்கள் கோட்டை அறிந்தவர். நான் கரியை அறிந்தவன். என் பெட்டிக்குள் இரண்டு உண்டு: ஒன்று கரி, ஒன்று சாம்பல். சாம்பல் அசையாது, ஊதினால் பறக்கும், போய்விடும். கரி அப்படியா? கருத்துக் கிடக்கும், அணைந்ததுபோல் கிடக்கும், அருகே குனிந்து ஓர் ஊது ஊதினால் அடியிலிருந்து கண் சிவக்கும்! படபடக்கும், பொறி பறக்கும், பெட்டிக்குள் நிலைகொள்ளாது. அந்தப் படபடப்புதான் சூடு. அந்தச் சூட்டில்தான் சுருக்கம் போகும். கரி நடுங்குகிறதே என்று கவலைப்பட்டவன் கதை கேட்டிருக்கிறீர்களா? எரிந்து முடிந்ததைத் தள்ளிவிடலாம். எரிய இன்னும் இருக்கிறதைத் தள்ளலாமா? துடைக்கலாமா? தூர எறியலாமா? உங்கள் கை நிற்காது என்று டாக்டர் சொன்னார். நிற்க வேண்டாம் அம்மா! இந்த உலகத்தில் எது நிற்கிறது? நான் நிற்கிறேனா? இந்த மேடையில் நான் வந்ததிலிருந்து மைக் செட்காரர் நின்றாரா? நிற்கிற முகங்களை உங்கள் நிற்கிற கை வரைந்தது. நிற்காத முகங்கள் இந்தத் தெரு முழுக்க நடமாடிக்கொண்டிருக்கின்றன. அவற்றை யார் வரைவார்? நிற்காத கைதான் வரைய வேண்டும்!

என்னால் உங்களுக்குக் கொடுக்க முடிந்தது ஒன்றுதான். இதுவரை உங்களுக்காக ஆடினேன். இனி ஆட மாட்டேன். ஆடுவது உங்கள் கை என்று ஊருக்கே தெரிந்துவிட்டது. மறைக்க இனி நான் வேண்டியதில்லை. இதோ, மைக்குக்கு நேராக, கைகளைக் கட்டி, கால்களைச் சேர்த்து நிற்கிறேன். துணியா, டப்பாவா, நீங்களே சொல்லுங்கள். சொல்லும் வரை அசைய மாட்டேன்.

...

அன்பர்களே, அம்மா பையோடு எழுந்து எனக்குப் பின்னால், படம் இருக்கும் சுவருக்குப் போய்விட்டார். என்னால் திரும்பிப் பார்க்க முடியாது, வாக்குக் கொடுத்துவிட்டேன். முன்வரிசையில் இருப்பவர்கள் சொல்லுங்கள். பையைத் திறக்கிறாரா? எது கையில்? சத்தமாக!

டப்பாவா? டப்பா!

ஆனால் ஏன் நிற்கிறார்? அழுத்த விரல் நிலைக்கவில்லையா? என்ன சொல்கிறார்?

"அண்ணி, நீங்க வந்து அடிங்க. நீங்கதான் ஆரம்பிச்சீங்க. இந்தத் தடவை வாயால வேணாம்!"

போ, போ, எழுந்து போ! தண்ணீர்ப் பாட்டிலைக் கீழே வைத்துவிட்டுப் போ! தலைவர் அவர்களே, என் மனைவி சுவர்ப் பக்கம் போகிறாள், வழி விடுங்கள். தள்ளி நின்று அடி... மேலிருந்து கீழே... துணிக்கு அடிப்பது போலத்தான். அந்த 'உஸ்' என்ற சத்தம் கேட்டதா அவையோரே? அது போதும். இனி அந்தக் கிழவனை எந்தத் துணியாலும் துடைக்க முடியாது.

இப்போது அம்மா மூலையில் பெயர் போடுகிறார். நான் அசைந்துவிட்டேன், மன்னியுங்கள். இதைப் பார்க்காமல் நிற்க எனக்குத் திராணி இல்லை. எழுத்து கொஞ்சம் கோணுகிறது. முதல் எழுத்து மலையேறுகிறது, அடுத்தது சறுக்குகிறது. அம்மா, கவலைப்படாதீர்கள். என் எழுத்தும் இப்படித்தான் இருக்கும், வகுப்பில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். இருங்கள், கூட்டிப் படிக்கிறேன்... ஒன்று... இரண்டு... கால் வாங்கி... ஆம்! படிக்க முடிகிறது அம்மா, நன்றாகப் படிக்க முடிகிறது! நான் வாய்விட்டுச் சொல்ல மாட்டேன் அவையோரே. சொன்னால் நீங்கள் உட்கார்ந்த இடத்திலேயே கேட்டுவிட்டுப் போய்விடுவீர்கள். எழுந்து வாருங்கள், கிட்டே வந்து நீங்களே படியுங்கள்.

இன்னொரு செய்தி. அடுத்து என் மனைவியைத்தான் வரையப்போவதாக அம்மா இப்போது காதோடு சொன்னார். "எனக்கு வேலை கிடக்கு, நான் எல்லாம் சும்மா உக்கார மாட்டேன்" என்கிறாள். அவரும் அதைத்தான் எதிர்பார்க்கிறாராம். கரிக்கு நான் பொறுப்பு. முழுக்க வெந்ததாகப் பொறுக்கி வைத்துவிடுகிறேன்.

மேடை தந்த தலைவர் அவர்களுக்கும், மைக்கோடு மல்லாடிய மைக் செட்காரருக்கும், நான் ஆடினாலும் அசையாமல் அமர்ந்து கேட்ட உங்களுக்கும், தன் முகத்தில் விழுந்திருக்க வேண்டிய செருப்பைத் தவிர்த்துக்கொண்டு இறங்கப்போகும் இந்தப் பம்பரத்தின் நெஞ்சு நிறைந்த நன்றி. வணக்கம், வாருங்கள், வரிசையாக வாருங்கள், படம் பாருங்கள்!